மேலே வைக்கலாமா?

காப்ரோவோ
24 பிப்ரவரி 2003

அன்புள்ள டோன்கா அக்காவுக்கு,

லூபென் எழுதுவது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே அம்மாவும் ரலிட்சாவும் நானும் சுகம். ரலிட்சாவுக்கு ஐந்தாம் மாதம். முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயைத் திறந்தாலே வீட்டை விட்டு ஓடுகிறாள். அம்மாவுக்கு அது பெரிய அவமானம்.

தொலைபேசியில் பேசினால் அம்மா பக்கத்திலேயே காதை வைத்துக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். இத்தாலிக்குச் சாமான் கொண்டுபோகும் கிரோவின் வண்டியில் மிளகாய் விழுது ஒரு ஜாடி வருகிறது. மூடியை நான் இறுக்கினேன், திறக்கும்போது என்னைத் திட்டு. மார்ச் முதல் தேதிக்கான சிவப்பு வெள்ளை நூலும் உறைக்குள் இருக்கிறது. கட்டிக்கொள். "நாரையைப் பார்த்தால்தானே கழற்ற முடியும், இத்தாலியில் நாரை இல்லை" என்று போன வருடம் போலச் சாக்குச் சொல்லாதே. பூத்த மரம் ஒன்றாவது இருக்கும், பார்த்துவிட்டுக் கழற்றி அதன் கிளையில் கட்டு.

நீ விட்டுப்போன பாக்கிங் மேசையில்தான் இப்போது நான் நிற்கிறேன். உன் காலத்தில் இருந்த அதே இரண்டு இனம்தான். கழற்றி அடுக்கிய பெயர்ப்பலகைச் சட்டங்கள் தட்டை. பற்றவைத்து முழுசாக நிற்பவை கூடு. கூட்டுக்கு நான்கு மூலையிலும் அட்டை, மேலே சிவப்பு ஸ்டிக்கர், சீட்டில் "மேலே வைக்கலாமா?" என்ற கட்டத்தில் "கூடாது". உனக்குத் தெரியாததா.

போன திங்கள் முதலாளி ஸ்டாய்ச்செவ் மேசைக்கே வந்துவிட்டார். ஒரு கூட்டைத் தூக்கி அதற்குள் தலையை விட்டுக் கத்தினார்: "இதுக்குள்ள என்னடா இருக்கு? காத்து! ஒரு லாரி காத்துக்கு நான் வாடகை குடுக்கணுமா? இனிமே எல்லாம் தட்டைதான். தட்டைன்னே எழுது." ஸ்டிக்கர் சுருளைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அவர் போனதும் மின்கோ அண்ணன், "அடுத்தது நம்ம மூச்சையும் அளந்து பூட்டிடுவான்யா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் தட்டை என்று எழுதினோம்.

குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னித் தருவாய்தானே? ரலிட்சா கேட்கச் சொன்னாள்.

பதிலை எதிர்பார்க்கும்
லூபென்


வெரோனா
9 மார்ச் 2003

தம்பி லூபாவுக்கு,

உன் கடிதமும் ஜாடியும் கிடைத்தன. மூடியைத் திறக்க முழங்காலுக்கிடையில் வைத்து முறுக்கினேன். நீ கேட்டபடியே திட்டினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முதுகு அப்படியே இருக்கிறது. வேலையும் அப்படியே இருப்பதால் அதுவும் இருக்கும்.

நூலை என் அறையில் இருக்கும் மால்டோவாக்காரி வியோரிகா கட்டிவிட்டாள். அவர்கள் ஊரிலும் இது உண்டு. வலது கையில் கட்டிவிட்டாள், பெட்டி தூக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. ஸ்வெட்டர் ஆரம்பித்துவிட்டேன். மஞ்சள். பெண்ணோ பையனோ, மஞ்சளோடு யாரும் சண்டை போட முடியாது.

நம் தொழிற்சாலைச் சரக்கு இப்போது எங்கள் கிடங்குக்குத்தான் வருகிறது. அதனால் சொல்கிறேன், கேள். கூட்டைத் தட்டை என்று எழுதாதே. இங்கே நாங்கள் கறுப்புத் தாளுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. சீட்டைத்தான் பார்ப்போம். கூடு என்றால் தூக்கும் வண்டி தாங்கிப் பிடித்த பிறகுதான் கட்டியிருக்கும் பட்டையை வெட்டுவோம். தட்டை என்றால் முதலிலேயே வெட்டிவிடுவோம். ஸ்டாய்ச்செவ் மறுத்தால் ஸ்டிக்கருக்குப் பதில் சிவப்புப் பென்சிலால் எழுது.

உனக்குச் சிரிப்பு வர ஒன்று சொல்கிறேன். வந்த புதிதில் மேற்பார்வையாளன், "ஞாயிறும் வேலைக்கு வர்றியா?" என்று கேட்டான். நம் ஊர் வழக்கப்படி தலையை மேலும் கீழும் ஆட்டி, முடியாது என்றேன். இவர்களுக்கு அதுதான் "சரி". நான்கு ஞாயிறு போனது. என் தலை எனக்கு எதிரியாகிவிட்டது என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. இப்போது வாயால்தான் பேசுகிறேன்.

அம்மாவுக்கு முத்தம். ரலிட்சாவைக் கனமானது தூக்க விடாதே.

டோன்கா


காப்ரோவோ
16 மார்ச் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் இன்னும் வரவில்லை. கிரோவின் வண்டி சோபியாவுக்கு அந்தப் பக்கம் பழுதாகி நிற்கிறதாம். கடிதமும் அதற்குள்தான் நிற்கிறது போலிருக்கிறது. உன்னோடது வருவதற்குள் இதை வேறு வண்டியில் அனுப்புகிறேன்.

பதினான்காம் தேதி உங்கள் பக்கத்துக்கு ஒரு லாரி போனது. மருந்துக் கடைகளுக்கான பெரிய சட்டங்கள், எல்லாம் கூடு. சீட்டில் தட்டை என்று எழுதினேன். வேறு வழி இல்லை, ஸ்டாய்ச்செவ் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஆனால் என் மனசு கேட்கவில்லை. அவர் உள்ளே போனதும் ஓட்டுநர் ரென்சோ வந்தான். நல்லவன், எனக்குச் சிகரெட் கொடுப்பவன். ஒரு கையை இன்னொரு கைமேல் வைத்துக் காட்டி, மேலே வைக்கலாமா என்று கேட்டான். நான் அவன் கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டிக் கூடாது என்று சொன்னேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. நன்றாக, அழுத்தமாக. அவனும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

அதனால் நிம்மதியாக இருக்கிறேன். சீட்டில் பொய், நேரில் உண்மை. இந்த ஊரில் ஒருத்தனால் அவ்வளவுதான் முடியும்.

அன்புடன்
லூபென்


வெரோனா
19 ஏப்ரல் 2003

லூபா,

நலமா? எல்லோரையும் கேட்டதாகச் சொல். கையெழுத்து கோணலாக இருக்கும். முழங்காலில் வைத்து எழுதுகிறேன்.

மார்ச் 18 அன்று உங்கள் லாரி இங்கே இறங்கியது. ஒன்றின்மேல் ஒன்றாக வந்திருந்தது. கீழே இருந்த கூடுகள் வழியிலேயே நசுங்கி, பட்டை மட்டும்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சீட்டில் தட்டை. ஒரு பெண் பட்டையை வெட்டினாள். மேலே இருந்தது முழுவதும் அவள்மேல் வந்தது. வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நம் நாட்டுக்காரிதான். உயிரோடு இருக்கிறாள்.

பாக்கிங் செய்தவன் தலையாட்டிச் சம்மதம் சொன்னான் என்று ரென்சோ சொல்கிறான்.

அவள் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தாள் என்று கிடங்கில் எழுதிக்கொண்டார்கள். மூன்று வருடமாக இருப்பவள். இவ்வளவு நாளும் எந்தத் தாளிலும் அவள் பெயர் இல்லை. கை போன பிறகு பெயர் வந்தது.

டோன்கா


காப்ரோவோ
4 மே 2003

அக்கா,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். ரலிட்சா வந்து என் கையிலிருந்து பையை வாங்கினாள்.

நான் கூடாது என்றுதான் சொன்னேன்! இரண்டு தடவை சொன்னேன்! ரென்சோ பொய் சொல்கிறான் என்று தொழிற்சாலை முழுவதும் கத்தினேன். மின்கோ அண்ணன்தான் என்னை உட்கார வைத்தார். "எப்படிச் சொன்னே, செஞ்சு காட்டு" என்றார். செய்து காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அட மடையா, அவன் ஊர்ல அது சரிங்கிறதுக்குடா."

அன்று மாலை கிரோ வந்து, பழுதான வண்டியில் கிடந்த உன் மார்ச் கடிதத்தைக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைக் கதையைப் படித்தேன். சிரிப்பதற்காக எழுதியிருந்தாய்.

அந்தப் பெண் யார்? எந்த ஊர்? பிள்ளைகள் உண்டா? எனக்கு எழுது. ஈஸ்டருக்கு நீ ஏன் கூப்பிடவில்லை? அம்மா பண்டிகைக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டை ஒன்றை உனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டு தொலைபேசிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உனக்கு ஒன்றும் இல்லையே? நூலை எந்த மரத்தில் கட்டினாய்?

லூபென்


வெரோனா
18 மே 2003

தம்பி,

அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு வேலை அதிகம், அதனால்தான் கூப்பிடவில்லை. விழுது தீர்ந்துவிட்டது. புது ஜாடி அனுப்பினால் மூடியை அவ்வளவு இறுக்காதே, வியோரிகாதான் திறந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. நூல் போய்விட்டது.

நீ தலையாட்டியதைப் பற்றியே எழுதுகிறாய். யோசித்துப் பார். ரென்சோ உன்னிடம் ஏன் கேட்டான்? சிவப்பு ஸ்டிக்கர் இருந்திருந்தால் கேட்டிருப்பானா? உன் தலை மேலே போயிற்றா கீழே வந்ததா என்பது அப்புறம். அதற்கு முன்னால் ஒரு சீட்டில் ஒரு சொல் எழுதப்பட்டது. அதற்கும் முன்னால் ஒரு அலமாரி பூட்டப்பட்டது.

விசாரணைத் தாள் உங்கள் தொழிற்சாலைக்கு வரும். ஸ்டிக்கர் இருந்தது என்று அங்கிருந்து எழுதினால் பழி அந்தப் பெண்மேல்: பார்க்காமல் வெட்டினாள், அவளே தன் கையைக் கெடுத்துக்கொண்டாள். இல்லை என்று எழுதினால் அவளுக்கு நியாயம் கிடைக்கும். நடந்ததை எழுது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அவள் எந்த ஊராக இருந்தால் என்ன?

டோன்கா


காப்ரோவோ
8 ஜூன் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்தைப் பற்றி எழுது. ரலிட்சாவுக்கு இந்த மாதக் கடைசி என்கிறார் டாக்டர். கால் வீங்கியிருக்கிறது.

உன்னிடம் மறைக்கப் பிடிக்கவில்லை. தாள் வந்தது. ஸ்டாய்ச்செவ் என்னை அறைக்குள் கூப்பிட்டார். காபி கொடுத்தார். நீ இருந்த ஆறு வருடத்தில் அவர் யாருக்காவது காபி கொடுத்துப் பார்த்திருக்கிறாயா? பழைய தேதி போட்டு, "கூடு, மேலே வைக்கக் கூடாது, ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது" என்று புதுச் சீட்டு எழுதச் சொன்னார்.

"ஒட்டலையே" என்றேன்.

"ஒட்டலைன்னா என்ன ஆகும் தெரியுமா? இந்த இடத்தை மூடுவாங்க. நாப்பது குடும்பம். உன் பொண்டாட்டி எப்போ பெத்துக்கப் போறா? இந்த மாசமா? யோசிச்சுக்கோ. அந்தப் பொம்பளைக்குப் போன கை போனதுதான். நீ எழுதினா திரும்ப முளைக்குமா?"

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். நீ என்னைக் கோபிப்பாய். ஆனால் மேலே வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன்தானே, என் மனசுக்கு அது தெரியும். அவள் யாரோ. இங்கே இருப்பது என் குழந்தை.

இப்போது லாரி நிற்கும் இடத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: "வெளிநாட்டு ஓட்டுநர்கள் முன் தொழிலாளர் தலையை அசைக்கக் கூடாது." ஸ்டிக்கர் ஒட்ட மனசில்லாத மனுஷன் இதை மூன்று இடத்தில் ஒட்டினார்.

லூபென்


வெரோனா
15 ஜூன் 2003

லூபென்,

கடிதம் கிடைத்தது. குழந்தைக்கு ஸ்வெட்டர் கடையில் வாங்கி அனுப்பியிருக்கிறேன். சரியான அளவா என்று தெரியாது.

டோன்கா


காப்ரோவோ
6 ஜூலை 2003

அக்கா அக்கா அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பெண் குழந்தை. ஜூன் 27. இருவரும் நலம். அதைச் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை இத்தாலியிலிருந்து அறிக்கையின் மொழிபெயர்ப்பு வந்தது. ஸ்டாய்ச்செவ் சந்தோஷத்தில் என் கையில் கொடுத்தார். "படி, நம்ம மேல ஒண்ணுமில்ல. எல்லாம் அந்தப் பொம்பளையோட கவனக்குறைவு." இரண்டாம் பக்கத்தில் பெயர். டோன்கா தோதொரோவா. பிறந்த ஊர் காப்ரோவோ. வயது முப்பத்து நான்கு.

இது யார் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். பெயரை இன்னொரு தடவை பார்த்தார். "யாரு? நம்ம ஊருக்காரியா?" என்றார். ஆறு வருடம் அவரிடம் வேலை பார்த்தாய். அவருக்குப் பெயர்கூட ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஏப்ரலிலிருந்து எல்லா எழுத்தும் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. குழந்தை எழுதியது போல. நான் எப்படிப் பார்க்கவில்லை? ஜாடி. ஸ்வெட்டர். ஏன் சொல்லவில்லை? ஏன்? சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் என்ன செய்யட்டும்?

லூபென்


வெரோனா
20 ஜூலை 2003

லூபா,

குழந்தை நலம் என்று கேட்டுச் சந்தோஷம். ரலிட்சாவை எழுந்து நடமாட விடாதே.

சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாய். தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

முதலில் அம்மாவுக்காகவும் ரலிட்சாவுக்காகவும் மறைத்தேன். அது உண்மை. உன் மே மாதக் கடிதம் வந்த பிறகு வேறு ஒன்று தோன்றியது. இங்கே மருத்துவமனையில் என் பக்கத்து அறையில் ஒரு ருமேனியன் இருந்தான், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவன். அவனுக்கு மேலதிகாரி ஒருவன், அவனுக்கும் மேலே ஒருவன், எல்லோரும் ஏதோ ஒரு தாளில் "எல்லாம் சரியாக இருந்தது" என்று கையெழுத்துப் போட்டவர்கள். எல்லோருக்கும் வீட்டில் குழந்தை இருந்திருக்கும். என் தம்பி யாரென்று தெரியாத ஒருத்திக்காக என்ன எழுதுவான் என்று பார்க்க நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் தாள் சுற்றியிருந்தது. உள்ளே தெரியவில்லை. சீட்டைப் பார்த்தேன். உன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீ எப்போதும் போல இழுத்துவிட்டிருந்தாய். வியோரிகாவைக் கூப்பிட்டு, "பாரு, என் தம்பி எழுதினது" என்று காட்டினேன். சீட்டைக் கிழித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன், வீட்டுக்கு எடுத்துப்போக. கூட்டை அப்படி எழுதாதே என்று நான் சொன்ன பிறகும் தட்டை என்று நீ எழுதியிருந்தால் அது தட்டைதான். வேறு யார் எழுதியிருந்தாலும் ஒரு தடவை தட்டிப் பார்த்திருப்பேன். வெட்டினேன்.

நூல் அந்தக் கையில்தான் இருந்தது. கையோடு போய்விட்டது. எங்கே போட்டார்கள் என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை.

அந்தச் சீட்டு இதுவரை என்னிடம் இருந்தது. என் வக்கீல் மூன்று தடவை கேட்டார், ஏதாவது தாள் இருக்கிறதா என்று. இல்லை என்றேன். கொடுத்தால் நீ பொய் எழுதியவன் ஆவாய், கொடுக்காவிட்டால் நான் கவனமில்லாதவள். நான்கு மாதம் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். இனி என்னால் முடியாது. இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. கிழித்துப்போட்டால் யாருக்கும் தெரியாது. கொடுப்பது, கிழிப்பது, உன் கையில் இரண்டும் இருக்கின்றன.

டோன்கா


காப்ரோவோ
14 செப்டம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

வலி குறைந்திருக்கிறதா? குளிர் வரும்போது அதிகமாகும் என்று டாக்டர் சொன்னார், கம்பளி சுற்றிக்கொள்.

உன் சீட்டு வந்து ஆறு வாரம் என் சட்டைப் பையில் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நாள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரலிட்சா பார்த்துக்கொண்டே இருந்தாள். "போடுறதுன்னா போடு. ஆனா நாளைக்கு இவ எழுதக் கத்துக்கும்போது நீ பக்கத்துல உக்காராதே" என்றாள். மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கத்தவில்லை. அந்தச் சிவப்பு முட்டையை எடுத்து என் முன்னால் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை மறுவிசாரணைக்கு ஆய்வாளர் வந்தார். கூடவே உன் இத்தாலிக்கார வக்கீலும். ஸ்டாய்ச்செவ் வாசல்படியிலேயே என் காதில், "டேய், குழந்தையை நெனச்சுக்கோ" என்றார். நினைத்துக்கொண்டுதான் போனேன்.

"ஸ்டிக்கர் இருந்ததா?" என்று கேட்டார் ஆய்வாளர். என் தலை தானாக மேலே கிளம்பியது. வக்கீல் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டேன். பைத்தியக்காரன் போல இருந்திருப்பேன். வாயால் சொன்னேன்: "இல்லை." பிறகு உன் சீட்டை மேசைமேல் வைத்தேன். "இதுவும் என் கையெழுத்துதான், அதுவும் என் கையெழுத்துதான். இதுதான் நடந்தது" என்றேன். வக்கீல் சீட்டின் ஓரத்தில் இருந்த பழுப்புக் கறையைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். அன்றைக்கு உன் ஏப்ரன் பையில் இருந்தது என்றேன்.

எனக்கு வேலை போய்விட்டது. பொய்ச்சீட்டு எழுதியதற்கு என்மேலும் வழக்கு வரும். மின்கோ அண்ணனும் அடுத்த நாள் போய்ச் சாட்சி சொன்னார். மற்ற முப்பத்தெட்டு பேரில் பாதிப்பேர் தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. தொழிற்சாலை நடக்கிறது. ஸ்டிக்கர் சுருள் இப்போது மேசைமேல் இருக்கிறதாம்.

குழந்தைக்கு உன் பெயரை வைக்கலாம் என்கிறாள் ரலிட்சா. உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். என்னை மன்னிப்பாயா?

லூபென்


வெரோனா
5 அக்டோபர் 2003

தம்பி லூபாவுக்கு,

அம்மாவுக்கு முத்தம். இடது கையால் இப்போது வேகமாக எழுத வருகிறது, நீயே பார்க்கலாம்.

குழந்தைக்கு என் பெயர் வேண்டாம். அந்தப் பெயர் இப்போது இரண்டு நாட்டுக் கோப்புகளில் இருக்கிறது. அவளுக்கு எந்தத் தாளிலும் ஏறாத புதுப் பெயர் ஒன்று வையுங்கள்.

அடுத்த மாதம் எட்டாம் தேதி கிரோவின் வண்டியில் வருகிறேன். பை தூக்க நீ வர வேண்டும். மஞ்சள் ஸ்வெட்டர் பாதியில் நிற்கிறது, ஊசியோடு அப்படியே கொண்டுவருகிறேன். ரலிட்சா முடிக்கட்டும்.

நீ கடைசியில் கேட்டதைப் படித்தபோது என் தலை அசைந்தது. மேலும் கீழும். வியோரிகா பார்த்துவிட்டு, "சரின்னுட்டியா?" என்றாள். எந்த ஊர் வழக்கப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேரில் வாயால் கேள்.

டோன்கா